மூன்று நோடும் பச்சை

செப்டம்பர் 15, திங்கள்

வேலைக்குத் திரும்பிவிட்டேன். "நாப்பது நாள் கூட முடியலயேட்டி, பச்ச ஒடம்பு" என்று அம்மா வாசலில் நின்று கத்தினாள். பிள்ளை இருந்தால்தானே பச்சை உடம்பு என்று திருப்பிச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சொல்லியிருக்கக் கூடாது. அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

ஆஸ்பத்திரி ஐ.டி. அறையில் எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தே பேசினார்கள். மேனேஜர் பாலவிநாயகம் சார் மட்டும் நேரே வேலைக்கு வந்தார். நல்ல மனுஷன். ஸ்கேன் படங்கள் எல்லாம் இருக்கிற பழைய ஸ்டோரேஜ் பெட்டி சாகக் கிடக்கிறதாம். இரண்டு டிஸ்க் சிவப்பு. இன்னொன்று போனால் எக்ஸ்ரே, சி.டி., எக்கோ எல்லாம் மொத்தமாகப் போச்சு. அதைத் தொட்டாலே பயம் என்று படம் திறப்பதையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புதிதாக மூன்று சர்வர் வந்து அட்டைப்பெட்டியோடு கிடக்கிறது. மூன்றையும் ஒன்றாகக் கோத்து ஒரே ஸ்டோரேஜாக ஆக்கி, பழையதில் இருப்பதை அதில் கொட்ட வேண்டும். வலையமைப்பு வேலை முழுக்க என் தலையில்.

எனக்கு அதில் வேண்டியது ஒன்றே ஒன்று. ஆகஸ்ட் மாதம் எடுத்த எக்கோ. பெயர், பேபி ஆஃப் பொன்சித்ரா. ஒன்பது நாள் இருந்தவளுக்கு வேறு பெயர் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் பதினாறு கழியாமல் பிள்ளையைப் போட்டோ எடுக்க மாட்டார்கள், கண் பட்டுவிடும். பச்சிளங்குழந்தை வார்டுக்குள்ளும் போன் கொண்டுபோக விடுவதில்லை. ஆக, அவள் உயிரோடு இருந்ததற்குப் படம் என்று இருப்பது அந்த எக்கோதான். அதிலும் முகம் கிடையாது, இதயம் மட்டும்.

என் வீட்டுக்காரர் லிங்கதுரைக்கு சரக்குக் கப்பலில் என்ஜின் ரூம் வேலை. அவள் பிறந்தபோதும் நடுக்கடல், போனபோதும் நடுக்கடல். தீபாவளிக்கு முன்னால் இறங்குகிறார். போனில் அவர் அழவில்லை. "ஏட்டி, அவ உசுரோட இருந்தத ஒரே ஒரு தடவ நான் பாக்கணும். அதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருக்கு, காட்டுதேன் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

சர்வர்களை ரேக்கில் ஏற்றினோம். நானும் அந்தோணி ரீகனும். கம்பி வேலைக்கு அவனை விட்டால் ஆள் இல்லை, வாய்க்கும் அவனை விட்டால் ஆள் இல்லை. "அக்கா, நீங்க ஒக்காருங்க. வெயிட்டு தூக்கப்படாது" என்று நூறு தடவை சொன்னான். எரிச்சலாக வந்தது. அழுகையும் வந்தது. எரிச்சலை மட்டும் காட்டினேன்.

ஒவ்வொரு சர்வரையும் நோடு என்பார்கள். நோடுக்கு இரண்டு வழி. முன்வழியில் டாக்டர்களின் கம்ப்யூட்டர் வந்து படம் கேட்கும். பின்வழி நோடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள. ஒரு படம் வந்தால் அதைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் இரண்டு நோடில் வைத்துக்கொள்ளும், ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். நோடுகளை ஒன்றோடொன்று இணைக்கிற ஸ்விட்ச் பெட்டியும் அதற்காகவே இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. எல்லாவற்றிலும் ஒன்றுக்கு இரண்டு. இந்த மாதிரி முன்யோசனை இரும்புப் பெட்டிக்கு மட்டும்தான் கிடைக்கும்.

செப்டம்பர் 19, வெள்ளி

மருந்துக் கவுன்டர் பக்கம் ஒரு குழந்தை அழுதது. பால் சுரந்து என் சுடிதார் நனைந்துவிட்டது. துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு சர்வர் அறைக்குள் போய்விட்டேன். அங்கே குளிர். யாரும் எதுவும் கேட்பதில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

மூன்றாவது நோடு சேர மாட்டேன் என்கிறது. மற்ற இரண்டும் செத்துவிட்டன என்று அது எழுதி வைத்திருக்கிறது. மற்ற இரண்டைக் கேட்டால், மூன்றாவதுதான் செத்துவிட்டது என்கின்றன. மூன்றும் ஒரே ரேக்கில், முழ தூரத்தில், விசிறி இரைய உயிரோடு நிற்கின்றன. சத்தம் வரவில்லை என்றால் செத்துப்போனாய் என்று முடிவு கட்டுவதுதான் இவற்றின் புத்தி.

காலையிலிருந்து மல்லுக்கட்டிய பிறகு பார்த்தால், ரீகன் அதன் பின்வழிக் கம்பியை முன்வழித் துளையில் செருகி வைத்திருக்கிறான். "மஞ்சக் கம்பி தீந்துபோச்சுக்கா, நீலத்த போட்டேன். அதான் மாறிட்டு" என்று தலையைச் சொறிந்தான். கண்டபடி திட்டிவிட்டேன். அவன் சிரித்தான். "இப்பந்தான்க்கா நீங்க பழையபடி ஆயிருக்கீக" என்றான். சனியன்.

கம்பியை மாற்றியதும் மூன்றும் பச்சை.

செப்டம்பர் 25, வியாழன்

பச்சையாக இருந்து என்ன பிரயோசனம்? படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் நகரவில்லை. நோடுகளை நலம் விசாரித்தேன். இருக்கியா, இருக்கேன். இருக்கியா, இருக்கேன். சின்ன வார்த்தைக்கெல்லாம் உடனே பதில். பெரிதாக ஒன்றை அனுப்பினால் மட்டும் போன இடம் தெரியவில்லை.

காரணம் மத்தியானம் பிடிபட்டது. வேகமாகப் போகட்டும் என்று நோடுகளில், தகவலைக் கட்டி அனுப்புகிற பொட்டலத்தின் அளவைப் பெரிதாக வைத்திருந்தேன். நடுவில் இருக்கிற ஸ்விட்ச் இரண்டும் பழைய சிறிய அளவிலேயே இருந்தன. தங்கள் அளவுக்கு மேலே வருவதை ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அனுப்பியவனுக்கும் சொல்லாது, வாங்குகிறவனுக்கும் சொல்லாது. இரண்டு ஸ்விட்சிலும் அளவைக் கூட்டினேன். படம் பறந்தது.

அமைப்பை இன்னும் ஸ்விட்சில் நிரந்தரமாகச் சேமிக்கவில்லை. எங்கள் பழக்கம் அது. சில நாள் ஓடவிட்டு, சார் சரி என்ற பிறகுதான் சேமிப்போம். நடுவில் ஏதாவது கோளாறு என்றால் அணைத்துப் போட்டால் போதும், பழையபடி ஆகிவிடும்.

கிளம்பும்போது ரீகன் தயங்கித் தயங்கி வந்தான். "அக்கா, தப்பா நெனைக்காதீக. பாப்பாவோட எக்கோவ மட்டும் மொதல்ல எடுத்து வச்சிருவமா? சார்ட்ட நான் கேக்கேன். சரிம்பாரு."

"எல்லாரு படமும் வர்ற மாதிரி வரிசைல வரட்டும். அவளுக்கு மட்டும் என்ன ஸ்பெஷலு?" என்றேன்.

ஆஸ்பத்திரி என்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா? எனக்கென்று தனிச்சட்டமா? நான் சொன்னதில் தப்பில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

கப்பலில் இருந்து போன். அங்கே நெட் சவலை, படம் எதுவும் போகாது. குரலே விட்டுவிட்டுத்தான் வந்தது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேங்க. நீங்க?"

"ஆச்சு." கொஞ்ச நேரம் இரைச்சல். "ஏட்டி, தலமுடி நெறைய இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"யாரு சாட?"

"சரியா பாக்கலங்க. எப்பவும் துணி சுத்தியே வச்சிருந்தாக."

"கண்ண தொறப்பாளா?"

வேலை இருக்கிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வேலை ஒன்றும் இல்லை. அம்மா சமைத்த மீன்குழம்பை அப்படியே தட்டோடு மூடி வைத்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சர்வர் அறைக்கு மாவிலை கட்டி, பொரிகடலை வாங்கி, பூசணிக்காய் வாங்கி, ஒரே அமர்க்களம். இதில் அதிக பக்தி யாருக்கு என்றால் அந்தோணி ரீகனுக்கு. வருஷா வருஷம் சந்தனம் குழைப்பது அவன் பொறுப்பு. மாதா கோவித்துக்கொள்ள மாட்டாளா என்றால், "மாதாவுக்கு சர்வர் பத்தி என்னக்கா தெரியும்?" என்பான்.

நான் உள்ளே போகப்போனேன். சார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, ஒங்க வீட்டுக்கு இந்த வருசம் பண்டிக கெடையாதுல்லா. நீ ஒண்ணும் வருத்தப்படாத. செத்த நேரம் வெளியிலயே இருந்துக்கோ" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, ஊர் வழக்கத்தைச் சொன்னார். தண்ணீர் கேன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். உள்ளே மணி அடித்தது. சாம்பிராணி வாசனை வெளியே வந்தது. ஒன்பது நாள் பிள்ளைக்கு எதற்கு ஒரு வருஷத் துக்கம்? எனக்கு ஒரு வருஷம் போதாது, அது வேறு.

அவளைக் கொண்டுபோய்ப் புதைத்த இடத்துக்கும் என்னை விடவில்லை. தாய் வரக் கூடாதாம்.

பூசை முடிந்ததும் ரீகன் இலையில் பொரியும் சுண்டலும் கொண்டுவந்து நீட்டினான். தின்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

லீவு நாள்தான். ஆனாலும் விஜயதசமி, தொட்டது துலங்கும், இன்றைக்கே காப்பி வேலையை ஆரம்பிப்போம் என்று சார் எல்லோரையும் வரச்சொன்னார். ஆரம்பிக்கும் முன் நோடுகளை நலம் விசாரித்தேன். இருக்கியா, இருக்கேன். மூன்றும் பச்சை. சார் கற்பூரம் காட்டாத குறை. பட்டனை என்னை அழுத்தச் சொல்லவில்லை, அவரே அழுத்தினார்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஆகஸ்ட் வந்துவிட்டது. வரிசையாகப் பெயர்கள் ஏறிக்கொண்டே இருந்தன. நடுவில் என் பெயர். அதற்கு முன்னால் பேபி ஆஃப்.

ரீகன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினான். "தொறந்து பாருங்கக்கா. நான் வேணும்னா வெளிய போறேன்."

"அவரு வரட்டும். சேந்து பாக்கோம்."

"வந்திருக்கான்னு மட்டும் ஒரு தட்டு தட்டிப் பாத்துருங்க."

"பேரு வந்திருக்குல்லாடே! பேரு வந்தா ஆளு வந்த மாதிரிதான். ஒன் வேலையப் பாரு."

பச்சை விளக்கு எரிகிறது. பெயர் இருக்கிறது. வேறு என்ன வேண்டும்? குளிருகிறது என்று ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னேன்.

அக்டோபர் 9, வியாழன்

பழைய பெட்டி செத்துவிட்டது. மூன்றாவது டிஸ்க். காப்பி வேலை முடிந்தது நேற்று சாயங்காலம், இது இன்று காலை. "நம்ம பூச பலிச்சிட்டு பாத்தியா!" என்று சார் அல்வா வாங்கிவரச் சொன்னார். கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டால், டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், இனி அதில் ஒன்றும் எடுக்க முடியாது என்றான். எடுக்க என்ன இருக்கிறது, எல்லாம்தான் வந்துவிட்டதே.

வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். பத்திரமா இருக்கு, வாங்க. உடனே பதில் வந்தது. சரி என்று மட்டும்.

அக்டோபர் 13, திங்கள்

இதய நோய்ப் பிரிவிலிருந்து போன். பழைய எக்கோ ஒன்று திறக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் ஒரு சி.டி. ரிப்போர்ட் எல்லாம் அழகாக வருகிறது, படம் மட்டும் வரவில்லை. சில படம் முழுசாக வருகிறது, சிலது பாதி.

பாதி என்று கேட்டதுமே சர்வர் அறைக்கு ஓடினேன். மேல் ஸ்விட்சைப் பார்த்தேன். பெரிய அளவு, சரியாக இருக்கிறது. கீழ் ஸ்விட்சைப் பார்த்தேன். பழைய சிறிய அளவு.

"ரீகன், இத யாருடே அணச்சது?"

அவன் முகம் செத்துவிட்டது. "அக்கா... பூச அன்னைக்கு. சந்தனம் கொழகொழன்னு இருந்துச்சு, உள்ள சொட்டி ஷார்ட் ஆயிரக் கூடாதேன்னு கீழ உள்ளத மட்டும் ஒரு நிமிசம் அணச்சிட்டு, தொடச்சிட்டுப் போட்டேன். மேல உள்ளதுதான் ஓடுதே, ஒண்ணும் ஆவாதுன்னு... நீங்க வெளிய இருந்தீக. சொல்லணும்னு தோணலக்கா."

நான் சேமிக்கவில்லை. அவன் அணைத்தான். சார் என்னை வெளியே உட்காரச் சொன்னார். விஜயதசமி அன்று நான் நலம் மட்டும் விசாரித்தேன், பெரிதாக ஒன்றையும் அனுப்பிப் பார்க்கவில்லை. மேல் ஸ்விட்ச் வழியே போன துண்டுகள் போய்ச் சேர்ந்தன. கீழ் வழியே போனவை கீழே விழுந்தன. காப்பி எடுத்த மென்பொருள் காத்திருந்து, காத்திருந்து, அலுத்துப்போய்ப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்திருக்கிறது. அப்படிப் பாதியில் விட்டவற்றின் பட்டியலில் பேபி ஆஃப் பொன்சித்ராவும் இருக்கிறது.

பழைய பெட்டி உயிரோடு இருந்த இரண்டு நாள் எனக்குக் கையில் இருந்தது. ஏழாம் தேதி ஒரே ஒரு தடவை தட்டிப் பார்த்திருந்தால் மறுபடியும் எடுத்திருக்கலாம். எல்லோருடையதையும் எடுத்திருக்கலாம். ஒழுங்காம், வரிசையாம், அவர் வரட்டுமாம். பாவி, எனக்குப் பயம். அவள் இதயம் துடிப்பதை மறுபடியும் பார்க்கப் பயம். பார்த்துவிட்டு அது நின்றுபோனதை மறுபடியும் நினைக்கப் பயம். அவ்வளவுதான் விஷயம்.

ரீகன் தரையில் உட்கார்ந்து அழுதான். என்னால் அவனைத் திட்டக்கூட முடியவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்றும் நான் அதைத் திறக்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

டிஸ்க்கை மீட்கிற ஆட்களிடம் சார் கேட்டுப் பார்த்தார். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சார் மேலிடத்தில் பேச்சு வாங்கினார். அந்தப் படங்களுக்குரிய நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, திரும்ப ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

வந்துவிட்டார். கறுத்து, மெலிந்து, தாடியோடு. ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேங்க."

வீட்டுக்கு வந்து அவர் பெட்டியைத் திறந்தபோது ஏதோ சின்னதாகத் தட்டுப்பட்டது. ஏதோ துறைமுகத்தில் பிறக்கும் முன்பே வாங்கிய சட்டை, மஞ்சள் நிறம். இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் அதற்கு மேல் துண்டைப் போட்டு மூடினார். "நாளைக்குப் போவமா?" என்றார். போவோம் என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இன்னும் ஒரு ராத்திரியாவது அந்த மனுஷன், படம் முழுசாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தூங்கட்டும்.

அக்டோபர் 18, சனி

வெளியே பட்டாசுக் கடைக் கூட்டம். ஐ.டி. அறையில் ரீகன் மட்டும். அவன் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. கிடைத்த துண்டுகளைச் சேர்த்து ஓடுகிற மாதிரி செய்து வைத்திருப்பதாக என்னிடம் முனகிவிட்டு வெளியே போனான். நான் கேட்கவில்லை. அவனாகவே செய்திருக்கிறான்.

திறக்கும் முன் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஸ்விட்ச், பூசை, ஏழாம் தேதி. "ஒரு தட்டு தட்டியிருந்தா முழுசா கெடச்சிருக்கும்ங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. நான் பாக்கல."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கண்ணாடி வழியே முதுகு தெரிந்தது. தண்ணீர் கேன் பக்கத்தில், அன்றைக்கு நான் உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நெடுநேரம் கழித்து உள்ளே வந்து, "போடு" என்றார்.

போட்டேன்.

கறுப்புத் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன அறை. சுவர் அசைந்தது. இதயம் விரிந்தது. விரிந்துகொண்டே வந்து, முழுக்கத் திறந்து, அப்படியே நின்றுவிட்டது. அவ்வளவுதான் வந்திருக்கிறது. மறுபடி முதலிலிருந்து ஓடியது. விரிந்தது, நின்றது. விரிந்தது, நின்றது.

அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "மூடவே மாட்டேங்கே சித்ரா" என்றார். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நாள் ஆகிறது.

"மூடும்ங்க. நான் பாத்தேன். எக்கோ எடுக்கையில என் மடியிலதான் கெடந்தா. ஜெல்லு குளுந்துச்சுன்னு ஒரே அழுக. தலமுடி நெறைய. நெத்தி ஒங்க சாட. ஒரு கண்ண மட்டும் தொறந்து என்னப் பாத்தா. அப்பம் திரையில வேகவேகமா... இப்படி."

என் கையைத் தூக்கிக் காட்டினேன். விரலை விரித்தேன், மூடினேன். விரித்தேன், மூடினேன். அவள் துடித்த வேகத்துக்கு. இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லாதது, ஆனால் கைக்கு அந்த வேகம் அப்படியே தெரிந்திருந்தது. நிறுத்தவே முடியவில்லை.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்க்கவில்லை. பிறகு, அது மூடியிருக்கிற நேரம் பார்த்து, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். திறக்க விடவில்லை.